கறுத்த நகரத்தில் ஒரு கோபுரம்

இங்கிலாந்துக்குப் போகிறவர்களில் பலர் லண்டனைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். உங்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தால், ரயிலேறி வடக்கே யார்க்‌ஷயருக்குப் போங்கள். லீட்ஸ் நகரத்தில் ஒரு நாள் தங்குங்கள். ஒரு மனிதர் இருபதே ஆண்டுகளில் ஓர் ஊரின் முகத்தையே மாற்றி அமைத்த அதிசயத்தை அங்கே காணலாம்.

அவர் பெயர் கத்பர்ட் பிராட்ரிக். ஹல் என்ற துறைமுகப் பட்டினத்தில் 1821-ஆம் ஆண்டு பிறந்தவர். தகப்பனார் கப்பல் முதலாளி. பிள்ளைக்கோ கப்பலில் நாட்டமில்லை. அதே ஊரில் லாக்வுட் என்ற கட்டடக் கலைஞரிடம் சீடராகச் சேர்ந்தார். பிறகு பிரான்ஸ், இத்தாலி முதலிய தேசங்களைச் சுற்றிப் பார்த்து வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கினார்.

அந்தக் காலத்து லீட்ஸ், கம்பளி ஆலைகளின் ஊர். புகை, கரி, பணம் மூன்றுக்கும் குறைவில்லை. பக்கத்து ஊரான பிராட்போர்டு, செயின்ட் ஜார்ஜ் ஹால் என்ற பெரிய சங்கீத மண்டபத்தைக் கட்டத் தொடங்கியதும் லீட்ஸ்காரர்களுக்குப் பொறுக்குமா? அதைவிடப் பெரிதாக ஒரு டவுன் ஹால் வேண்டுமென்று தீர்மானித்தார்கள். 1852-இல் போட்டி அறிவித்தார்கள். லண்டன் பார்லிமென்ட் மாளிகையைக் கட்டிய சர் சார்லஸ் பாரிதான் நடுவர்.

முதல் பரிசு யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? முப்பது வயதை அப்போதுதான் எட்டிப் பிடித்திருந்த பிராட்ரிக்குக்கு! இரண்டாம் பரிசு பெற்றவர்கள், பிராட்போர்டு மண்டபத்துக்கு வரைபடம் போட்ட லாக்வுட்டும் அவருடைய கூட்டாளி மாசனும். ஆம், அந்த லாக்வுட்தான் பிராட்ரிக்குக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர்! குருவைச் சீடன் வென்றுவிட்டான்.

நகரசபைக்கு ஒரே கவலை. இந்தச் சின்னப் பையனை நம்பி இவ்வளவு பெரிய வேலையை ஒப்படைக்கலாமா? பாரி தைரியம் சொன்னார். தாராளமாக நம்பலாம் என்றார். 1853-இல் அஸ்திவாரக் கல் நாட்டினார்கள்.

அதற்கப்புறம்தான் சண்டை ஆரம்பித்தது. முகப்பின் மேல் ஒரு கோபுரம் வேண்டுமா, வேண்டாமா? அதனால் என்ன பிரயோஜனம் என்று வரிப் பணத்தைக் கணக்குப் பார்த்தவர்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்டதும் நியாயந்தானே? ஹீட்டன் என்ற டாக்டர் மறு பக்கம் நின்று வாதாடினார். அழகான கட்டடம் ஊர் மக்களின் மனத்தையும் ரசனையையும் உயர்த்தும் என்பது அவர் கட்சி. கடைசியில் கோபுரம் ஜயித்தது. ஆனால் செலவு எகிறியது. கட்டிக் கொண்டிருந்த காண்ட்ராக்டர் நடுவிலேயே திவாலாகிப் போனார். ஒரு லட்சம் பவுனுக்கு மேல் விழுங்கிய அந்த மாளிகையை 1858 செப்டம்பர் 7-ஆம் தேதி விக்டோரியா மகாராணியே நேரில் வந்து திறந்து வைத்தார். கோபுரத்தின் உயரம் 225 அடி!

அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியது தானிய மாளிகை. 1863-இல் திறந்தது. முட்டை வடிவக் கட்டடம். வெளிச் சுவரின் கற்கள் வைரத்துக்குப் பட்டை தீட்டியது போலச் செதுக்கப்பட்டவை. உள்ளே போய் மேலே பாருங்கள். பிரமாண்டமான கூரையில் வடக்குப் பக்கம் பெரிய கண்ணாடிப் பரப்பு இருக்கும். ஏன் வடக்கு என்று கேட்பீர்கள். அந்தத் தேசத்தில் வெயில் தெற்கிலிருந்துதான் விழும். வடக்கு வெளிச்சமோ கண் கூசாமல், ஒரே சீராக இருக்கும். வியாபாரி ஒரு பிடி தானியத்தை உள்ளங்கையில் வைத்துத் தரம் பார்ப்பதற்கு அதுதானே வேண்டும்! அரிசியில் கல் பொறுக்கத் தாழ்வாரத்து வெளிச்சத்தைத் தேடிப் போகிற நமக்கா இது புரியாது? 1990-இல் இந்த மாளிகையைப் பழுது பார்த்துக் கடைவீதியாக மாற்றினார்கள்.

லீட்ஸிலிருந்து ஸ்கார்பரோ கடற்கரைக்குப் போனால், குன்றின் விளிம்பில் கிராண்ட் ஹோட்டல் நிற்கும். 1867-இல் திறந்தது. இதில் பிராட்ரிக் ஒரு வேடிக்கை செய்தார். நாலு பருவங்களுக்கு நாலு கோபுரங்கள். பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு மாடிகள். வாரங்களுக்கு 52 புகைபோக்கிகள். நாட்களுக்கு 365 அறைகள். ஹோட்டலையே பஞ்சாங்கமாக்கிவிட்டார்! அந்த இடத்தில் முன்பு இருந்த விடுதியில்தான் நாவலாசிரியை ஆன் பிராண்டி 1849-இல் தம் இருபத்தொன்பதாம் வயதில் கண் மூடினார். அவருடைய கல்லறையும் அதே ஊரில் இருக்கிறது.

இத்தனையும் செய்தவருக்கு லண்டனில் ஒரு பெரிய கட்டடமும் கிடைக்கவில்லை. ஐம்பது வயது ஆகுமுன்பே தொழிலை விட்டு பிரான்ஸுக்குப் போய்விட்டார். படம் வரைவதிலும் தோட்டம் போடுவதிலும் பொழுதைக் கழித்தார். 1905-இல் ஜெர்ஸி தீவில் காலமானார். பிறந்த ஊரான ஹல்லில் அவர் கட்டிய டவுன் ஹாலைப் பின்னால் இடித்துவிட்டார்கள். அதன் உச்சிக் கூண்டு மட்டும் பியர்சன் பூங்காவில், புல்தரைமேல் அனாதைபோல் உட்கார்ந்திருக்கிறது.

லீட்ஸ் கோபுரம் தப்பியது. ஆலைப் புகையில் கன்னங்கரேலென்று கறுத்து, உலக யுத்தத்தில் பக்கத்திலேயே குண்டு விழுந்தும் அசையாமல் நின்றது. பிரயோஜனமில்லை என்று சொன்னார்களே, அதே கோபுரந்தான்! அதை விட்டுவிட்டு லீட்ஸ் நகரத்தைப் படம் போடச் சொல்லுங்கள், பார்க்கலாம். அந்த ஊர்க்காரர் ஒருவராலும் முடியாது.