52 கிலோவும் ஒரு படகும்

எங்கள் வீட்டில் "பாயை எடுத்து வை" என்றால் யாரும் படுக்கப் போகவில்லை, ஆற்றுக்குப் போகிறோம் என்று அர்த்தம். மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரில் எங்கள் குடித்தனம். ஸ்வான் நதி கடலில் கலப்பதற்கு முன் ஏரி மாதிரி அகன்று கிடக்கும் இடத்துக்கு மெல்வில் வாட்டர் என்று பெயர். அங்கேதான் என் கணவர் தம் ஹோபி 14 படகை ஓட்டுவார். ஸ்கூட்டரில் பின்னால் உட்காருவோமே, அந்த மாதிரி நான் உட்கார்ந்து வருவேன்.

படகு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒல்லியான இரண்டு மிதவைகள், நடுவே இழுத்துக் கட்டிய கெட்டித் துணி, ஒரு பாய்மரம், ஒரு பாய், இரண்டு சுக்கான்கள். அவ்வளவுதான். எஞ்சின் கிடையாது. 14 அடி நீளம், சுமார் 100 கிலோ எடை. 1960-களின் கடைசியில் கலிபோர்னியாவில் ஹோபி ஆல்ட்டர் என்பவர் உருவாக்கியது. இந்த ஜாதிப் படகுக்கு ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்று பெயர். சாட்சாத் நம்ம கட்டுமரம்தான்!

என் மாமியார் தரங்கம்பாடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். போட்டோவைப் பார்த்துவிட்டு, "இதுவா கட்டுமரம்? இதுல மரமும் இல்லே, கட்டும் இல்லையே!" என்றார். அவர் சொல்வதுதான் சரி. இரட்டை உடல் வைத்த படகு பசிபிக் தீவுக்காரர்களுடைய சொத்து. சோழமண்டலக் கரையில் மரங்களைக் கட்டி மிதக்கவிட்டதை டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் எழுதினார். பின்னால் அந்தப் பெயர் தீவுக்காரர்கள் படகுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அதே டாம்பியர் 1699-ல் இந்த மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கும் வந்து போனார் என்பது எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

போன வருஷம் என் கணவருக்குத் தோளில் ஆபரேஷன். இனிமேல் கயிறு பிடித்து இழுக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனுஷர் ஒரு அட்டையில் 'விற்பனைக்கு' என்று எழுதி மேஜைமேல் வைத்தார். ஆனால் அதைக் கொண்டுபோய் எங்கும் மாட்டவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். "ஏங்க, நான் தனியா ஓட்டட்டுமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "கவிழ்ந்தா என்ன பண்ணுவே?" என்றார்.

அதுதான் கேள்வி. ஓட்டுவதை இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். ஆனால் இந்தப் படகு பலமான காற்றில் கவிழாமல் இருக்காது. கவிழ்ந்ததை நிமிர்த்த ஏறத்தாழ 70 கிலோ ஆள் வேண்டும் என்பார்கள். நான் 52 கிலோ!

பெர்த்தில் கோடை மத்தியானத்தில் தென்மேற்கிலிருந்து ஒரு கடல்காற்று வரும். தரை கொதித்து அனல் மேலே எழும்ப, குளிர்ந்த காற்று கடலிலிருந்து உள்ளே பாய்கிறது. வெயிலில் வாடினவர்களுக்கு உயிர் கொடுப்பதால் அதற்கு 'ஃப்ரீமேண்ட்டில் டாக்டர்' என்று செல்லப் பெயர். சில நாள் 20 நாட், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின்மேல் அது தள்ளுவது நாலு மடங்கு.

என் எடைக்குக் குறைந்ததை ஒரு பையிடம் கடன் வாங்கினேன். கெட்டித் துணியில் தைத்த, 30 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பை. ஆற்றுக்குள் இருக்கும்வரை அதற்குக் கனமே தெரியாது. நீர்மட்டத்துக்கு மேலே தூக்கினால்தான் 30 கிலோ. இடுப்பளவு தண்ணீரில், காற்றில்லாத காலை வேளைகளில், படகை நாங்களே சாய்த்துப் போட்டு நிமிர்த்திப் பழகினேன். முதல் நாள் ஆறு முறை முயன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் சமையலறையில் சப்பாத்திக் கட்டையைப் பிடிக்கக் கை வரவில்லை. அப்புறம்தான் சூட்சுமம் புரிந்தது. கையால் இழுக்கவே கூடாது. காலை மிதவையில் ஊன்றி, முதுகை நேராக வைத்துப் பின்னால் சாய வேண்டும். பிள்ளை பெற்ற இடுப்புக்கு இது நல்லது என்று என் அபிப்பிராயம்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை டாக்டர் பலமாகவே வந்தார். லைஃப் ஜாக்கெட், கையுறை, தொப்பி, வயிற்றில் இரண்டு இட்லி. கரையில் கணவரும் பெண்ணும் பிள்ளையும். பாயைக் கட்டையாக இழுத்து இறுக்கி, கயிற்றை எங்கும் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டேன். காற்று அடிக்கும்போது விட வேண்டும், தணியும்போது இழுக்க வேண்டும், பால் பொங்கும் அடுப்பைக் கூட்டிக் குறைப்பது போல. மூக்கு நீரில் குத்தாமலிருக்கப் படகின் பின்கோடியில் உட்கார்ந்தேன். ஒரு மிதவை நீரைவிட்டு எழும்பிப் பறந்தது. என்னை அறியாமல் சிரித்தேன்.

முக்கால் மணி ஆகியிருக்கும். தண்ணீர்மேல் கறுத்த திட்டாக ஒரு காற்று வந்ததைப் பார்த்தேன். கயிற்றை விட்டேன். அதையும் மீறி அது தூக்கிக் கவிழ்த்தது.

வாயெல்லாம் உப்பு. முதல் விதி, படகை விட்டு நீந்தக்கூடாது. காற்று படகைத் தள்ளுகிற வேகத்துக்கு நம்மால் நீந்தவே முடியாது. நீந்திப் போய் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பினேன். மேல் மிதவையைச் சுற்றிக் கயிறு போட்டேன். பையை நிரப்பித் தோளில் மாட்டிச் சாய்ந்தேன். அசையவில்லை. கரையில் பிள்ளை அழுதது எனக்குக் கேட்கவில்லை, பிறகுதான் சொன்னார்கள். இன்னும் சாய்ந்தேன், முதுகு தண்ணீரைத் தொடுகிற அளவுக்கு. பாயின் அடியில் கொஞ்சம் காற்று புகுந்தது. அது போதும்! பாய்மரம் மெல்ல எழும்பி, சட்டென்று என் தலைக்கு மேலே படகு தொம்மென்று விழுந்தது. நடுக் குறுக்குக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் அது என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போய்விடும்.

கரைக்கு வந்ததும் கணவர் கடிகாரத்தைக் காட்டினார். "ஏழு நிமிஷம்" என்றார். வேறு எதுவும் பேசவில்லை. ஒற்றைக் கையால் படகை இழுத்து ஏற்றப் பிடித்தார்.

மாமியாரிடம் போனில் சொன்னபோது, "எங்க ஊர்லயும் தனி ஆளாப் போறவன் கவுந்தா மரத்தை விடமாட்டான்டி" என்றார். 'விற்பனைக்கு' அட்டையின் பின்பக்கத்தில் பிள்ளை இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.