தார்ச்சாலைக்கு இறங்குதல்

கோத்தகிரியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டப் பாதைகளில் பத்து ஆண்டுகளாக மலைச்சைக்கிள் ஓட்டிவருகிறேன். செம்மண்ணும் சரளையும் வேர்முடிச்சுகளும் நிறைந்த பாதைகள் அவை. மெல்லிய டயர்களும் வளைந்த ஹேண்டில்பாருமாகக் குனிந்தபடி தார்ச்சாலையில் விரைந்து செல்பவர்களைக் காணும்போது, அவர்கள் வேறொரு குலத்தைச் சேர்ந்தவர்கள் என்றே தோன்றும். இப்போது நாற்பத்து மூன்று வயதில், அந்தக் குலத்தில் சேர்ந்துகொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காரணம் எளிமையானது. உடன் வரும் இளைஞர்கள் மேட்டின் உச்சியில் எனக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டார்கள். காத்திருப்பதையும் மரியாதையாகவே செய்கிறார்கள். ஒருவர் செயினைப் பார்ப்பார், இன்னொருவர் தண்ணீர் குடிப்பார். அந்த மரியாதைதான் உறுத்துகிறது. இறக்கத்தில் நான் இன்றும் அவர்களுக்குச் சளைத்தவனல்லன். ஏற்றத்தில்தான் வயது முன்னே வந்து நின்றுகொள்கிறது.

மண்பாதையில் நாம் எவ்வளவு உழைக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பாதைதான். இரண்டு நிமிடம் மூச்சு முட்ட ஏறினால், அடுத்த மூன்று நிமிடம் பெடலை மிதிக்காமலே இறங்கலாம். பாறை வந்தால் நின்று பார்க்கிறோம். சேறு வந்தால் இறங்கித் தள்ளுகிறோம். திடீர் வேகத்துக்கும் துணிச்சலுக்கும் இது நல்ல பயிற்சி. ஆனால் தாங்குதிறன் வளர்வதற்கு, மிதமான உழைப்பு இடைவெளியின்றி நீண்டநேரம் தொடரவேண்டும். அந்த வாய்ப்பைச் சாலை தருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு வரும் மலைப்பாதை முப்பது கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளமுடையது. அதற்குள் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயர்கிறது. எங்கும் செங்குத்தில்லை, எங்கும் ஓய்வுமில்லை. அங்கே எவ்வளவு உழைப்பது என்பதை ஓட்டுபவனே முடிவு செய்யவேண்டும். பாதையின்மேல் பழிபோட வழியில்லை.

நுட்பத்துக்கும் இதில் பாடம் உண்டு. மேடுபள்ளத்தில் பழகிய கால்கள் பெடலை உதைக்கின்றனவே தவிர, சுழற்றுவதில்லை. கனமான கியரில் நிமிடத்துக்கு ஐம்பது, அறுபது சுற்று என்று தசையின் பலத்திலேயே ஏறிவிடுகிறோம். சாலைக்காரர்கள் இலகுவான கியரில் எண்பது, தொண்ணூறு சுற்றுகளைச் சீராகச் சுற்றுகிறார்கள். சுமை தொடைத்தசையிலிருந்து இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மாறுகிறது. கால்கள் விரைவில் சோர்வதில்லை. ஈரமண் மேட்டிலும் இது உதவும். உதைத்து ஏறினால் பின்சக்கரம் வழுக்கும்; சீராகச் சுற்றினால் மண்ணைப் பற்றிக்கொள்ளும்.

வளைவுகளின் இலக்கணம் மட்டும் வேறு. மண்பாதையில் உடலை நிமிர்த்தி, சைக்கிளை மட்டும் நமக்குக் கீழே சாய்க்கிறோம். தார்ச்சாலையில் உடலும் சைக்கிளும் ஒன்றாகச் சாயவேண்டும். வெளிப்புறக் காலைக் கீழே ஊன்றி, பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்துவிட்டு, கண்ணை வளைவு முடியும் இடத்தில் வைக்கவேண்டும் என்பார்கள். மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தால், என் பத்தாண்டு அனுபவம் அங்கே எவ்வளவு செல்லுபடியாகும் என்ற ஐயம் எழுகிறது.

குலம் மாறுவது துரோகமாகிவிடுமோ என்ற குறுகுறுப்புக்கு வரலாறே ஆறுதல் சொல்கிறது. 1976-இல் கலிபோர்னியாவின் மரின் பகுதியில், பழைய கனத்த சைக்கிள்களில் மலையிறங்கிப் பந்தயம் நடத்தி இந்த விளையாட்டுக்கு உருக்கொடுத்தவர்களில் கேரி ஃபிஷரும் ஜோ பிரீஸும் அதற்கு முன்பே சாலைப் பந்தய வீரர்கள். ஆஸ்திரேலியரான கேடல் எவன்ஸ் 1998, 1999 ஆண்டுகளில் மலைச்சைக்கிள் உலகக் கோப்பையை வென்றுவிட்டு, 2011-இல் டூர் டி பிரான்ஸையும் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மலைச்சைக்கிள் தங்கம் வென்ற பிரான்ஸின் பாலின் ஃபெரான்-பிரெவோ, மறு ஆண்டே பெண்களுக்கான டூர் டி பிரான்ஸில் முதலிடம் பெற்றார். இரண்டுக்கும் இடையிலான வேலியை நம்மைப் போன்றவர்கள்தாம் போட்டிருக்கிறோம் போலும்.

தயக்கங்கள் இல்லாமலில்லை. மலைச்சாலையில் ஏறிவரும் வாகனத்துக்கே முன்னுரிமை என்பது விதி. சைக்கிளையும் ஒரு வாகனமாக எண்ணுகிறவர்கள் குறைவு. பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை அருகே யானைகள் சாலைக்கு வரும். நன்றாக விடிந்த பிறகே புறப்படமுடியும். விடிந்தாலோ சுற்றுலா வாகனங்கள் வரத் தொடங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொன்று. மண்பாதை என்னைச் சிந்திக்க விடுவதில்லை. அடுத்த வேர், அடுத்த கல், அடுத்த திருப்பம் என்று கண்ணும் கையும் முழுநேரமும் வேலையாக இருக்கும். அலுவலகமும் கடனும் மருத்துவ அறிக்கையும் தோட்டத்து வாயிலோடு நின்றுவிடும். இத்தனை ஆண்டுகளாக நான் சைக்கிள் ஓட்டியது பெருமளவு இதற்காகத்தான். சாலையில் அந்தத் திரை இருக்காது. இரண்டரை மணி நேர ஏற்றத்தில் நானும் என் மூச்சும் மட்டுமே இருப்போம். உடலின் உண்மையான அளவு அங்கே தெரிந்துவிடும். சாலை சலிப்பூட்டும் என்று நண்பர்களிடம் நான் சொல்லிவந்ததற்குள் இந்த அச்சமும் இருந்திருக்கலாம்.

ஆகவே உடனே புதிய சைக்கிள் வாங்கப்போவதில்லை. இருப்பதிலேயே முள் டயர்களைக் கழற்றிவிட்டு வழுவழுப்பான மெல்லிய டயர்களை மாட்டி, முன்பக்கச் சஸ்பென்ஷனைப் பூட்டிவிட்டால் முக்கால் பங்கு சாலைச்சைக்கிள் ஆகிவிடும். வடகிழக்குப் பருவமழையில் தோட்டப் பாதைகள் எப்படியும் களிமண்ணாகிவிடும். அந்த மாதங்களில், மழை வெறிக்கும் நாட்களில், வாரம் இருமுறை சாலையில் ஏறிப் பார்க்கலாம். தை பிறந்து மண் இறுகியபின் இளைஞர்களோடு மீண்டும் அதே மேட்டில் ஏறுவேன். அவர்கள் அப்போதும் காத்திருக்கக்கூடும். செயினை இரண்டுமுறை சரிபார்க்கும் அளவுக்குக் காத்திருக்கவேண்டியிராது என்றால் அதுவே போதும்.