இரண்டாம் தாள்

கடலைக் காணாத ஊர் திருவண்ணாமலை. புதுச்சேரிக் கடற்கரை இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இங்கே நீரில் மிதப்பது என்றால், கார்த்திகைத் தீபம் முடிந்தபின் ஐயங்குளத்தில் வலம்வரும் தெப்பம்தான் எவர் நினைவுக்கும் வரும். இத்தகைய ஊரில் ஒரு பங்குத்தந்தை போர்க்கப்பல் கட்டினார் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைக்கத்தக்கது அதில் உண்டு. நம் மனச்சான்றை இன்றளவும் உறுத்துவதும் உண்டு. பின்னதைச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் ஒரு ஞாயிறு. மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் மூன்று சிறுவர்கள் கைப்பேசியொன்றை ஏந்தி நம் அறைக்கு வந்தனர். இருவர் பதினோராம் வகுப்பு. ஒருவன் எட்டாம் வகுப்பு. அமெரிக்காவில் பல்லாண்டுகளாக நடைபெற்றுவரும் ஒரு விளையாட்டைக் காட்டினர். உண்மைப் போர்க்கப்பல்களை 144இல் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டுகிறார்கள். வானொலி அலையால் கரையிலிருந்து அவற்றைச் செலுத்துகிறார்கள். கரியமிலவாயுவின் அழுத்தத்தால் சிறு இரும்புக் குண்டுகளை ஒன்றன்மீது ஒன்று சுடுகின்றன அக்கப்பல்கள். பக்கச் சுவர்கள் மெல்லிய பால்சா மரத்தால் ஆனவை, எளிதில் துளைபடும். நீர் புகுந்து கப்பல் மெய்யாகவே மூழ்கும். ஆட்டம் முடிந்ததும் அதனை வெளியே எடுத்து, துளைகளை ஒட்டி, மீண்டும் மிதக்க விடுவார்கள்.

“நாமளும் கட்டலாமா ஃபாதர்?” என்றார்கள்.

போரை விளையாட்டாக்குவது முறையா என்று வினவினோம். எட்டாம் வகுப்புச் சிறுவன் உடனே விடை பகர்ந்தான்: “ஆளில்லாத கப்பல்தானே ஃபாதர், யாருக்கும் அடிபடாது.”

அந்தச் சொல் நம்மை வென்றது. எந்தக் கப்பல் என்பதில் நமக்கு ஐயமே எழவில்லை. சிறுவயதில் நாம் குறும்பு செய்தபோதெல்லாம் பாட்டியார் நம்மை ‘எம்டன்’ என்றே வைவார். அப்பெயருக்குரிய ஜெர்மானியக் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்க் கொள்கலன்களைச் சுட்டு எரித்துவிட்டு இருளில் மறைந்தது. குண்டு விழுந்த நினைவாக உயர்நீதிமன்ற மதிலில் ஒரு கல்வெட்டு உள்ளது. அச்சம் தணிந்தபின், எவருக்கும் பிடிபடாத கைகாரனைச் சுட்டும் சொல்லாக எம்டன் தமிழில் தங்கிவிட்டது. அதன் தலைவர் வான் முல்லர், தாம் பிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளைப் பத்திரமாக அகற்றிய பின்னரே அக்கப்பல்களை மூழ்கடித்தவர் என்று பகைவரும் போற்றினர். அதே ஆண்டு நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்னும் கப்பல் எம்டனை எதிர்கொண்டது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. எஞ்சியோரைக் காக்க வான் முல்லர் தம் கப்பலைப் பவளப்பாறைமீது ஏற்றி நிறுத்தினார். எம்டனில் மாண்டவர் 130க்கும் மேற்பட்டோர்.

மூத்தவர் இருவரும் சிட்னியைக் கட்டினர். நாமும் சிறியவனும் எம்டனை எடுத்துக்கொண்டோம். உண்மை எம்டன் 118 மீட்டர் நீளம். நம்முடையது 82 சென்டிமீட்டர். எடைக்கணக்குதான் நம்மைத் திகைக்கச் செய்தது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் 144 மடங்கு குறைவதால், ஏறத்தாழ 3,660 டன் எடைகொண்ட கப்பல் வெறும் 1.2 கிலோவாகச் சுருங்கிவிடுகிறது. மோட்டார், மின்கலம், வானொலி வாங்கி, சுக்கானைத் திருப்பும் சிறு கருவி, பீரங்கி அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். கூடினால் மூழ்கும், மேற்பாரம் மிகுந்தால் கவிழும்.

வாயுவும் இரும்புக் குண்டும் சிறுவர் கையில் தகா என்பதால், மின்கலத்தால் இயங்கும் பொம்மைத் துப்பாக்கியின் உள்ளுறுப்பைப் பொருத்தினோம், பிளாஸ்டிக் குண்டுகள். கரையில் நிற்போர் அனைவருக்கும் கண்ணாடிக் கவசம் கட்டாயம். பீரங்கி திரும்பாது, குறி வைக்கக் கப்பலையே திருப்ப வேண்டும். மூழ்கினால் இடம் காட்ட, நூலில் கட்டிய தக்கை ஒன்று மேல்தளத்தில் இருக்கும். பால்சாவுக்குப் பதிலாகப் பட்டம் விடும் தாள். விதி ஒன்றே: குறுக்குச் சட்டங்களுக்கு இடையே ஒரே தாள், ஒரே பூச்சு வார்னிஷ். அவ்விதியை நாமே நம் கையால் எழுதி, நால்வரும் ஒப்பமிட்டோம். நீலத்தாளை ஒட்டியவன் சிறியவன்.

பொங்கல் விடுமுறையில் போட்டி. அதற்கு இரு நாள் முன்பு சிட்னியின் சுடுதிறனைக் கண்டோம். ஐந்து குண்டில் நான்கு இலக்கைத் தைத்தன. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மூன்று மாத உழைப்பு ஐந்து நிமிடத்தில் மூழ்கினால் அந்தச் சிறுவன் தாங்குவானா என்று எண்ணினோம். மேசைமீது மஞ்சள் தாள் ஒன்று கிடந்தது. எம்டனின் மேல்தளத்தைக் கழற்றி, உட்புறமாக இரண்டாம் தாளை ஒட்டி, வார்னிஷும் பூசினோம். அந்தச் செயலுக்கு அன்பு என்று பெயரும் சூட்டினோம்.

சமுத்திரம் ஏரிப்பக்கம் ஒரு நண்பரின் பண்ணைக் குட்டையில் ஆட்டம் நடந்தது. இடுப்பளவு நீர், அதில் மலையின் நிழல். பௌர்ணமிதோறும் கிரிவலம் வரும் அந்த விவசாயி வரப்பில் அமர்ந்து சிறுவர்களைவிட ஆர்வமாகப் பார்த்தார். சிட்னி அருகே வந்து பன்முறை சுட்டது. குண்டுகள் எம்டனின்மீது பட்டுத் தெறித்தன. நம் கப்பல் மூழ்கவில்லை. சிட்னி மூழ்கியது.

கரையேற்றிய எம்டனை மூத்தவர்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். நீலத்துக்குள் மஞ்சள். “நீதானடா தாள் ஒட்டுனே? ஏமாத்துக்காரன்!” என்று சிறியவன்மீது பாய்ந்தார்கள். அவன் நம்மை ஒருமுறை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

நாம் பேசவில்லை. பேசலாம், இதோ பேசிவிடலாம் என்று எண்ணிக்கொண்டே நின்றோம். அவன் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

குருமடத்தில் அறநெறி இறையியல் தேர்வில், நீதியான போருக்குரிய நிபந்தனைகளைப் புனித அகுஸ்தினார் தொடங்கிப் புனித தாமஸ் அக்வினாஸ் வரை வரிசையாக எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவர் நாம். நேர்மையான நோக்கம் வேண்டும் என்பது அந்நிபந்தனைகளுள் ஒன்று. நோக்கத்துக்கு நல்ல பெயர் சூட்டுவது எத்துணை எளிது என்பதை அந்தத் தேர்வு நமக்குக் கற்பிக்கவில்லை. வானொலியால் இயங்கும் படகை உலகுக்கு முதலில் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. 1898இல் நியூயார்க்கில் அதனை ஓட்டிக் காட்டினார். இத்தகைய அழிவுக்கருவி தோன்றிவிட்டால் நாடுகள் அஞ்சிப் போரையே கைவிடும், நிலையான அமைதி வரும் என்று அவர் நம்பினார். அதற்கும் அமைதி என்னும் நல்ல பெயரே. 2022இல் கருங்கடலில் வெடிமருந்து ஏந்திய ஆளில்லாப் படகுகள் உண்மைப் போர்க்கப்பல்கள்மீது பாய்ந்தன. ஆளில்லாத கப்பல், யாருக்கும் அடிபடாது என்றான் நம் சிறுவன். நம் கப்பலிலும் ஆளில்லை. ஆயினும் அடிபட்டவன் ஒருவன் இருந்தான். வலியவர் தமக்கென ஒட்டிக்கொள்ளும் இரண்டாம் தாளுக்கு, எளியவர் ஒருவரே பழி சுமக்கிறார்.

அன்றிரவு செபிக்க அமர்ந்தோம்; இயலவில்லை. இருசக்கர வண்டியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குச் சென்றோம். தாய் திண்ணையில் அமர்ந்து மறுநாள் விற்பனைக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்தார். “வாங்க சாமி, இவன் சாப்பிடாமப் படுத்துட்டான். என்னன்னு கேட்டாலும் சொல்லல” என்றார். அவனை எழுப்பி, தாயின் முன்னிலையிலேயே நடந்ததைச் சொன்னோம். நாம் செய்தது ஒரு பிழை, வாய்மூடி நின்றது அதனினும் பெரும் பிழை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டோம்.

“எனக்கு அப்பவே தெரியும் ஃபாதர்” என்றான் அவன். “மஞ்சத் தாளு உங்க மேசை மேலதான் இருந்துச்சு.”

“பின் ஏன் சொல்லவில்லை?”

“நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன்.”

தாய் ஒன்றும் கூறாமல் உள்ளே சென்று, இரண்டு தட்டுகளில் சோறு போட்டு எடுத்துவந்தார். நாமும் அவனும் உண்டோம்.

மறுநாள் மூத்தவர் இருவரிடமும் சொன்னோம். அவர்கள் முகத்தில் கண்ட அதிர்ச்சியை நாம் மறப்பதற்கில்லை. நால்வரும் அமர்ந்து எம்டனின் தாள்களை உரித்தோம். சிறியவன் மீண்டும் ஒற்றைத் தாள் ஒட்டினான். அடுத்த ஞாயிறு மறு ஆட்டம். எம்டன் பதினொரு துளைகளோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து மூழ்கியது. தக்கை மேலே வந்து மிதந்தது. அனைவரினும் உரக்கக் கைதட்டியவன் நம் சிறியவனே. விவசாயி நண்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கி, கப்பலை இரு கைகளாலும் ஏந்தி வந்தார். “பயப்படாதீங்க சாமி, ஒட்டிட்டா மறுபடி மிதக்கும்” என்றார்.

உண்மை எம்டனை அவ்வாறு எவரும் ஒட்ட முடியவில்லை. அதில் மாண்டவரை எவரும் எழுப்பவுமில்லை. விளையாட்டுக்கும் போருக்கும் உள்ள இடைவெளியைச் சிறுவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதாகவே இல்லை; பதினொரு துளைகளையும் எண்ணி எண்ணி ஒட்டியபோது அவர்களே அதைப் பேசிக்கொண்டார்கள்.

உரித்தெடுத்த மஞ்சள் தாளில் ஒரு துண்டை நம் திருப்புகழ்மாலை நூலில் அடையாளத்தாளாக வைத்திருக்கிறோம். இரவுச் செபத்தின் தொடக்கத்தில் ஆன்ம சோதனைக்கென்று மௌனமாக இருக்கும் வேளையில், அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.