தவிலுக்கு எத்தனை ஃபாலோயர்ஸ்?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு அண்ணன் கேட்டதும், லேத் மெஷினைப் பற்றி எழுதுவதா, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதுவதா என்று யோசித்தேன். சாம்பாரைப் பற்றி வருஷா வருஷம் யாராவது எழுதத்தான் செய்கிறார்கள். சாம்பார்தான் மாறக் காணோம்! ஆகவே எனக்குத் தெரிந்த இன்னொரு சமாச்சாரத்தை எழுதுகிறேன்.

நான் மெக்கானிக்கல் மூன்றாமாண்டு மாணவன். முகூர்த்த நாட்களில் மட்டும் தவில்காரன். வளர்பிறை முகூர்த்தம் வந்தால் என் அட்டெண்டன்ஸ் தேய்பிறையாகும் காரணம் இப்போது எல்லோருக்கும் விளங்கியிருக்கும். எங்கள் ஊர் மாயவரம் பக்கம். அப்பா நாதஸ்வரம். நான் பத்து வயதில் தவிலைத் தொட்டேன். முதல் இரண்டு வருஷம் வாத்தியார் என்னை மரக்கட்டையில்தான் தட்ட விட்டார்.

நம் வகுப்பு நண்பர்கள் என்னிடம் ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மச்சி, இன்ஸ்டாவுல பேஜ் இருக்கா? எத்தனை ஃபாலோயர்ஸ்?" இல்லை என்று சொன்னால், "அப்புறம் எப்படிடா பொழைக்கப் போற?" என்பார்கள். "பூக்கடைக்கு விளம்பரம் எதுக்குடா?" என்று ஒரு தரம் பழமொழியை எடுத்து விட்டேன். "இப்போ பூக்கடைக்கும் பேஜ் இருக்குடா" என்று ஒருவன் செல்போனிலேயே காட்டிவிட்டான்! பழமொழி தோற்றது. ஆனால் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில், வேலை எப்படி வருகிறது? அப்பா ஒரு நீளமான நோட்டு வைத்திருக்கிறார். தேதி, ஊர், மண்டபம், அட்வான்ஸ் எல்லாம் அதில் இருக்கும். கடைசிக் கட்டத்தில் 'யார் மூலம்' என்று எழுதுவார். போன லீவில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை மட்டும் படித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஏற்கனவே எங்களைக் கூப்பிட்ட வீடுகள். அக்கா கல்யாணத்துக்கு வாசித்தோம், தங்கை கல்யாணத்துக்கும் கூப்பிட்டார்கள். மற்றவை சமையல் காண்ட்ராக்டர் சொன்னது, மண்டப மேனேஜர் சொன்னது, ஐயர் சொன்னது, பந்தியில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டுக் கை கழுவின கையோடு வந்து கார்டு வாங்கிப் போனவர் சொன்னது. ஒரே நாளில் இரண்டு முகூர்த்தம் மாட்டிக்கொண்ட இன்னொரு செட்டுக்காரர் நம்பிக் கொடுத்ததும் உண்டு. இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு வந்ததை எண்ண ஒரு கை விரலே போதும்.

சமையல்காரர் ஏன் எங்கள் பெயரைச் சொல்கிறார்? காலை நாலரை மணிக்கு அவர் அடுப்பு பற்ற வைக்கும்போது நாங்களும் மண்டபத்தில் நிற்கிறோம், அதனால்தான். நேரத்துக்கு வராத மேளத்தைச் சிபாரிசு செய்தால் கெடுவது அவர் பெயர் அல்லவா! அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்குப் பின்னால் அவருடைய பிழைப்பே பிணையாக நிற்கிறது. பட்டனை அமுக்கிப் போடும் லைக்குக்குப் பின்னால் அப்படி என்ன நிற்கிறது?

இரண்டாவது, எங்கள் வாத்தியத்துக்கும் செல்போனுக்கும் ஜாதகம் பொருந்தவில்லை. தவிலுக்கு வலது பக்கம் வலந்தலை. தோலை இழுத்துக் கட்டியிருப்பதால் பளீரென்று பேசும். இடது பக்கம் தொப்பி. அதில் பூவரசங் கம்பு விழுந்தால் 'கும்' என்று நெஞ்சுக்குள் இறங்கும். நம் ஈ.சி.இ. நண்பன் ஒருவன் சொன்ன விளக்கம் இது: செல்போன் ஸ்பீக்கர் சின்னது, தாழ்ந்த அதிர்வெண் அதில் சரியாக வராது. சத்தம் திடீரென்று ஏறினால் போனே அதை அமுக்கிவிடும். ஆக, ரீல்ஸில் நீங்கள் கேட்பது தொப்பி இல்லாத தவில், அதுவும் அரை நிமிஷம். பெருமாள் புறப்பாட்டில் மல்லாரி வாசித்தால் அது தெரு முனையிலிருந்து உங்களை நோக்கி நடந்து வரும். அதை எந்த ஸ்க்ரீனுக்குள் அடக்குவது?

மூன்றாவதாக ஒரு கணக்கு. நாம் டிப்ளமோ பிள்ளைகள், கணக்கு இல்லாவிட்டால் நம்ப மாட்டோம். யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமானால் 1000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு 12 மாதத்தில் ஜனங்கள் மொத்தம் 4000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் 1 கோடி முறை ஓடியிருக்க வேண்டும். 4000 மணியை 365-ஆல் வகுத்தால் தினம் சுமார் 11 மணி. சரி, எங்கள் கோயில் திருவிழாவுக்கு வாருங்கள். 300 பேர் இருக்கும் கூட்டத்தில் 3 மணி நேரம் வாசித்தால் 900 மணி. ஐந்து இரவில் 4000-ஐத் தாண்டிவிடும்! பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள் என்று கழித்தாலும் பத்து இரவு. அதற்குக் கூலி அன்றைக்கே கையில், பிரசாதம் தனி.

இதை விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எனக்குப் பதிமூன்று வயது. பங்குனி, சித்திரை, வைகாசி என்று நாங்கள் வருஷம் பூரா சாப்பிடும் சீசன் அப்படியே போயிற்று. கல்யாணங்கள் தள்ளிப்போயின, கோயில்கள் சாத்திக் கிடந்தன. வாங்கின அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலைமை. அப்பா சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து சும்மா வாசிப்பார். பெரியப்பா வீட்டு அண்ணன் அதைப் படம் பிடித்து யூடியூபில் போட்டார். ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் கும்பிடும் கை படம் போட்டு வாழ்த்தினார்கள். அப்பாவுக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் பத்து பைசா வரவில்லை. ஒரு நாள் மத்தியானம் எங்கள் வாசலில் அரிசி மூட்டையை இறக்கியவர், ஆறு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் வாசித்த ஒரு கல்யாண வீட்டுப் பெரியவர். "என் பொண்ணு கல்யாணத்துல கொட்டுன மேளம் பட்டினி கெடக்கக் கூடாது தம்பி" என்றார். அம்மா அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. அன்றைக்கே என் மனதில் ஒன்று பதிந்தது. பார்த்தவர்கள் வேறு, நம்மைத் தெரிந்தவர்கள் வேறு.

பெரியவர்கள் கதையும் இதைத்தான் சொல்கிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), அவர் சீடர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964), தவிலில் யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி (1933–1975) எல்லோரும் கோயில் வாசலிலும் கல்யாணப் பந்தலிலும் வாசித்துத்தான் ஊர் ஊராகப் பெயர் பரப்பினார்கள். "அந்தக் காலத்திலும் கிராமபோன், ரேடியோ, சினிமா இருந்ததே!" என்று கேட்பீர்கள். நியாயம்தான். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சியாரின் நாதஸ்வரம் தமிழ்நாடு முழுக்கப் போயிற்று. 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்கு வாசித்த மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களை இன்றும் பேசுகிறோம். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் வித்தை, அப்புறம் ஊர், கடைசியில்தான் ரேடியோவும் சினிமாவும் தேடி வந்தன. இளையராஜாவும் 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்னால் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக மேடையில் வாசித்து வந்தவர்தானே! வளையப்பட்டி சுப்பிரமணியம் அவர்களுக்கு மெட்ராஸ் மியூசிக் அகாடமி 2009-ல் சங்கீத கலாநிதி கொடுத்தபோது, எந்த ஃபாலோயர்ஸ் கணக்கைப் பார்த்தது?

நஷ்டமே இல்லையா என்றால், இருக்கிறது. போன தை மாதம் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். பேச்சு முடிந்து அட்வான்ஸ் வாங்கும் நேரத்தில் மாப்பிள்ளையின் நண்பர், "உங்க பேஜ் லிங்க் அனுப்புங்க" என்றார். இல்லை என்றோம். அடுத்த நாள் போன் வரவில்லை. செண்டை மேளம் வைத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. மூன்று கல்யாணத்தின் வருமானம் அந்த ஒரு கல்யாணத்தில் இருந்தது. இன்னொன்றும் உண்டு. நோட்டில் இருக்கிற வீடுகள் எல்லாம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ எங்களை ஒருத்தருக்கும் தெரியாது. இதையெல்லாம் மறைத்துவிட்டு நான் உங்களுக்கு உபதேசம் செய்ய முடியாது.

ஆனாலும் நான் ஏன் இந்தப் பக்கம் நிற்கிறேன்? கெட்டிமேளத்தை யோசித்துப் பாருங்கள். ஐயர் கையைத் தூக்குவார். அந்த ஒரு விநாடி என் கண் அவர் விரலில் இருந்தாக வேண்டும். அபசகுனமான சொல் எதுவும் தாலி கட்டும் நேரத்தில் காதில் விழக் கூடாது என்றுதான் அந்தக் கொட்டே. அந்த நேரத்தில் எதிரே நிற்கிற செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தால் தாலி கட்டின பிறகுதான் மேளம் விழும்! வீடியோவுக்காக வாசிக்கிற பழக்கம் வந்துவிட்டால் கண் அந்தப் பக்கமே போகும் என்று வாத்தியார் சொல்வார். நானும் சில செட்டுகளில் பார்த்திருக்கிறேன்.

இந்த ஆறாவது செமஸ்டரோடு நம் எல்லோருக்கும் முடிவெடுக்கும் நேரம் வந்துவிட்டது. கேம்பஸ் இன்டர்வியூவில் எனக்கும் ஒரு கம்பெனியில் கிடைத்திருக்கிறது. ஷிப்ட் வேலை. முகூர்த்தத்துக்கு லீவு கிடையாது. "மாசா மாசம் சம்பளம் வரும்ல, யோசிச்சுக்கடா" என்கிறார் அம்மா. 2020-ஐ அனுபவித்தவர் அவர். அவர் சொல்வதில் தப்பே இல்லை. அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

நான் யோசித்து ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். அந்தக் காலத்துத் தவிலில் தோல் வாரை இழுத்துக் கட்டுவார்கள். இப்போது இரும்பு வளையம், போல்ட்டு, நட்டு. சுருதி ஏற்ற ஸ்பேனர் போதும். சிலிண்டர் ஹெட் போல்ட்டை எதிரெதிராக முறுக்க நமக்குச் சொல்லிக் கொடுத்தார்களே, தவிலுக்கும் அதே விதிதான். ஒரே பக்கமாக முறுக்கினால் வளையம் கோணும், தோல் கிழியும். இது தெரிந்த தவில்காரர் உண்டு, தெரிந்த மெக்கானிக்கும் உண்டு. இரண்டும் ஒரே ஆளாக இருப்பது எங்கள் பக்கத்தில் அபூர்வம். ஆகவே ஊரிலேயே தவில் ரிப்பேர் பட்டறை. ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் இருக்காது, அப்போது பட்டறை ஓடும். தை பிறந்தால் மேளம். தவில்காரர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லித்தான் பட்டறைக்கு ஆள் வரும். இரண்டு வருஷம் பார்ப்பேன். நோட்டில் 'யார் மூலம்' என்ற கட்டம் நிறையவில்லை என்றால் ஷிப்டுக்குப் போவேன், தவில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுங்கும். அம்மாவிடம் இப்படித்தான் பேசி முடித்திருக்கிறேன்.

நண்பர்களே! பெஞ்சில் தாளம் போடுகிறவர்களும், கிதார் வைத்திருக்கிறவர்களும், பாத்ரூமில் மட்டும் பாடுகிற பாகவதர்களும் நம் கல்லூரியில் நிறையப் பேர். பேஜ் வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் குறை சொல்லவில்லை. அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். ஊர்க் கோயிலில் வாசியுங்கள். அத்தை பெண் காதுகுத்துக்குப் பாடுங்கள். கேட்டவர் இன்னொரு தரம் கூப்பிடுகிறாரா என்று பாருங்கள். நாற்பது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கி, யார் மூலம் வந்தது என்று எழுதி வையுங்கள்.

பின்குறிப்பு: நம் செட்டில் யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நண்பர்களுக்கு அட்வான்ஸ் கிடையாது. ஆனால் கல்யாணச் சாம்பாராவது நம் மெஸ் சாம்பார் மாதிரி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

— இறுதியாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை