அப்பாயியின் வெள்ளிக்காசு

எங்கள் அப்பாயி கண்ணை மூடியபோது அவருடைய சொத்து என்று இருந்தவை ஒரு தகரப் பெட்டி, இரண்டு சேலை, ஒரு சுருக்குப் பை. பைக்குள் ஆறு வெள்ளி ரூபாக்கள். மூன்று அப்பாவுக்கு, மூன்று தலவாக்கலையில் வாழ்க்கைப்பட்ட அத்தைக்கு என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். அப்பாவின் காலத்துக்குப் பின் அவருடைய பங்கு என் கைக்கு வந்தது.

அவை இந்தியாவில் அடித்த காசுகள். இலங்கைக்கென்று தனியாக ஒரு ரூபா நாணயம் 1957இல்தான் வந்தது. அதற்கு முன் இந்திய வெள்ளி ரூபாவே இங்கும் புழங்கியது. 1929இல் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தபோது, மலைநாட்டில் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 43 சதம் என்று வைத்தார்கள். ஒரு ரூபா சேர இரண்டு நாளுக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டும். அரிசிக்கும் கடனுக்கும் பிடித்தது போக மிஞ்சியதிலிருந்து ஒரு பெண் ஆறு ரூபா ஒதுக்கி வைத்தாள் என்றால் எத்தனை நாள் வாயைக் கட்டியிருப்பாள்! “இது செலவழிக்கிற காசு இல்ல புள்ள, கஷ்டத்துக்கு வச்ச காசு” என்பார் அப்பாயி.

அந்தக் கஷ்டம் எனக்கு 2022இல் வந்தது. விலைவாசி ஏறி, மாவும் எரிவாயுவும் கிடைக்காமல் நாடே தவித்த வருடம் அது. அந்த நேரத்தில்தான் மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. மடிக்கணினி இல்லாமல் படிக்க முடியாது என்றாள். கனடாவில் இருக்கும் என் அண்ணன் மகன் மார்கழி விடுமுறைக்கு வருவதாகச் சொன்னான். பழைய காசுகளைப் பற்றி விஷயம் தெரிந்த பிள்ளை. அவனிடம் இவற்றைக் காட்டிக் கேட்போம் என்று நினைத்தேன்.

வருகிற பிள்ளைக்குக் கறுத்துப்போன காசையா காட்டுவது? வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு விளக்கும்போது மூன்று காசுகளையும் சேர்த்துப் போட்டேன். புளி, அடுப்புச் சாம்பல், தேங்காய் நார். பீலிக்கரையில் அலசி எடுத்தபோது புதுக்காசு போல மின்னின. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அண்ணன் மகன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். விரலின் நுனியால் விளிம்பை மட்டுமே பிடித்தான். இரண்டை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்றாவதை ஜன்னல் பக்கம் கொண்டுபோனான். அது 1911ஆம் ஆண்டுக் காசு, ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் படம் போட்டது. மன்னரின் அங்கியில் தொங்கும் மாலையில் ஒரு யானை உருவம் உண்டு. தும்பிக்கை குட்டையாக விழுந்ததால் பன்றி மாதிரி இருக்கிறது என்று மக்கள் மனம் புண்பட்டார்கள். அரசாங்கம் காசுகளை வெளியே விடாமல் நிறுத்தி, யானையைத் திருத்தி 1912இல் மறுபடி அடித்தது. அடித்த சுமார் 94 இலட்சத்தில் ஏறக்குறைய 7 இலட்சம்தான் மக்கள் கைக்குப் போயின, மற்றவை உருக்கப்பட்டன. ஆகவே அந்த வருடத்துக் காசைச் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள் என்றான்.

பிறகு மெதுவாகக் கேட்டான்: “அத்தை, இதைத் தேய்ச்சீங்களா?”

“ஆமா தம்பி, கறுப்பா கிடந்துச்சே!”

அவன் முகம் வாடியது. ஆனாலும், “சரி, அனுப்பிப் பார்ப்போம்” என்றான்.

காசுக்குத் தரம் சொல்லும் நிறுவனங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற இரண்டும் பெயர் பெற்றவை. காசு உண்மையானதா என்று பார்த்து, தேய்மானத்தைக் கணக்கிட்டு, 1 முதல் 70 வரை புள்ளி கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். கட்டணமும் தபாற்செலவும் அதிகம். அதனால் சாதாரண வருடத்துக் காசுகளை அனுப்புவது நஷ்டம். 1911 ஒன்றே போதும் என்று முடிவு செய்தோம். பழம்பொருட்களை அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோவதை 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. எங்கள் காசு அதில் அடங்குமா என்று தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே எடுத்துப்போகச் சம்மதித்தான்.

கட்டியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் இரு பக்கமும் படம் எடுத்தான். நிறுத்துப் பார்த்து எழுதிக்கொண்டான். அந்த ரூபாவின் சரியான எடை 11.66 கிராம். மைலார் என்ற ஒளி ஊடுருவும் தாளால் ஆன சிறு உறைக்குள் காசைப் போட்டான். கம்பி குத்தவில்லை, பசைநாடா காசில் படவில்லை. இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே உறையை வைத்துக் கட்டி, பெட்டியின் வெற்றிடத்தைக் கடதாசியால் அடைத்தான். காதருகே வைத்துக் குலுக்கி, சத்தம் வராத பிறகே மூடினான். கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குக் காப்புறுதி செய்து அனுப்புவதாகவும், பெட்டியின் மேல் காசு என்ற பேச்சே இராது என்றும் சொன்னான். பிறந்த பிள்ளையைப் பொதிந்த மாதிரி இருந்தது.

நாலு மாதம் கழித்துத் தொலைபேசியில் பேசினான். காசு பத்திரமாகப் போய், பத்திரமாகத் திரும்பிவிட்டது. வழியில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் உறையில் புள்ளி இல்லை. உண்மையான காசுதான், ஆனால் சுத்தம் செய்யப்பட்டது என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அப்படி எழுதிய காசுக்குச் சேகரிப்பவர்கள் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்களாம்.

அச்சில் அடிபடும்போது காசின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகள் விழுகின்றன; அவைதான் அதற்கு இயற்கையான ஒளியைத் தருகின்றன. சாம்பல் அவற்றைச் சுரண்டிவிடும், புளி மேற்பரப்பை அரித்துவிடும். போனது திரும்பாது. நான் அழுக்கு என்று நினைத்த கறுப்பு, காற்றிலும் அடுப்புப் புகையிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படிந்த படலம். இத்தனை வருடமாகக் காசு தன் வயதைக் காட்டிய அடையாளம் அது.

ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் கெடாத காசு, என் வீட்டுப் பீலிக்கரையில் அரை மணி நேரத்தில் கெட்டது. அதை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மகளின் மடிக்கணினியைச் சீட்டு எடுத்துத்தான் வாங்கினேன்.

அந்த வாரமே தலவாக்கலைக்கு பஸ் ஏறினேன். அத்தையிடம் இருக்கும் மூன்றையாவது காப்பாற்ற வேண்டுமே! நடந்ததைச் சொன்னதும் அத்தை சிரித்தார். “நான் எங்க தேய்ச்சேன்? அம்மா கைபட்ட காசு, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்” என்று பையை அவிழ்த்துக் கொட்டினார். மூன்றும் கரிய நிறத்தில், ஓரத்தில் நீலம் படர்ந்து, அழகாக இருந்தன. விலை தெரியாமலே அத்தை செய்தது சரியாயிற்று. எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்புச் சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பாட்டியின் பெட்டியில் ஒன்றிரண்டு காசுகள் இருக்கலாம். விற்கிறீர்களோ வைத்திருக்கிறீர்களோ, அவற்றைப் புளி, எலுமிச்சை, பற்பசை எதனாலும் தேய்க்காதீர்கள். துணியால்கூடத் துடைக்க வேண்டாம். விளிம்பைப் பிடித்து எடுங்கள். றப்பர் வளையம், செய்தித்தாள், மெல்லிய பிளாஸ்டிக் பை இவற்றில் வைக்காதீர்கள். றப்பரின் கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும், சில பிளாஸ்டிக்குகள் நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும். நம் ஊர்ப் பனிக்கு, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். யாரிடமாவது கொடுக்குமுன் படம் எடுத்து, எடையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் 1911 காசு இப்போது கண்ணாடி போன்ற அந்த உறைக்குள் அலமாரியில் இருக்கிறது. விற்கவில்லை. மகள் விடுமுறைக்கு வரும்போது அதை எடுத்து, அந்த யானையைத் தேடிப் பார்ப்பாள். 43 சதக் கூலியில் அப்பாயி மிச்சம் பிடித்த கதையை அப்போது அவளுக்குச் சொல்கிறேன்.