பிள்ளை கேட்ட கிட்டார்



பிள்ளைகள் கேட்கும் பொருள்களுள் சிலவற்றை உடனே வாங்கித் தரலாம். சிலவற்றை உடனே மறுத்துவிடலாம். இவ்விரண்டிலும் அடங்காத ஒன்றைக் கேட்டால் பெற்றோர் என்ன செய்வது? பதினேழு வயதான என் மகன் சென்ற ஆண்டு கேட்டது மின்கிட்டார். கடையில் தொங்கும் கிட்டார் அன்று. உடல், கழுத்து, தந்திகள், திருகுகள், மின்பாகங்கள் எனத் தனித்தனியாகப் பெட்டியில் வந்து, நாமே பூட்டி மெருகிட வேண்டிய ‘கிட்’.

ஒதியம்பட்டில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை சேர்ந்து வாழ்கிறோம். என் அத்தா நாற்பது ஆண்டுகள் தச்சு வேலை செய்தவர். வில்லியனூர்ச் சுற்றுவட்டாரத்தில் அவர் இழைத்த நிலைகளும் கதவுகளும் இன்றும் இருக்கின்றன. தந்தி இசைக்கருவி வீட்டுக்குள் வருவதை அவர் விரும்பவில்லை. அவர் பக்கம் வலுவான நியாயம் இருந்தது. நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பான்மை அறிஞர்கள் அத்தகைய கருவிகளைத் தடுத்தே இருக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் அந்தலூஸைச் சேர்ந்த இப்னு ஹஸ்ம் போன்ற சிலர் மாறுபட்டார்கள். 10ஆம் நூற்றாண்டின் அல்-ஃபாராபி இசையைக் கணக்கோடு ஆராய்ந்து பெருநூலே எழுதினார். ஐரோப்பியரின் ‘லூட்’ என்ற கருவிப் பெயர், ‘அல்-ஊத்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது; ஊத் என்றால் மரம்.

இந்தக் கருத்து வேறுபாட்டைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை. என்முன் இருந்த கேள்வி சிறியது: பிள்ளை இதை எங்கள் கண்முன் செய்வானா, நண்பன் வீட்டில் மறைத்துச் செய்வானா? ஆகவே சில நிபந்தனைகளோடு இசைந்தேன். பாதிப் பணம் அவன் உழைத்துச் சேர்க்க வேண்டும். பாங்கு கேட்டதும் வேலை நிற்க வேண்டும். ஒலி அவன் காதோடு நிற்க வேண்டும். மின்கிட்டாரில் இது இயலும். அதன் உடல் உள்ளீடற்ற கூடு அன்று, கெட்டியான பலகை. எஃகுத் தந்தி அதிரும்போது, காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த அதே தத்துவம். ஒலிபெருக்கி இல்லையென்றால் அடுத்த அறைக்குக்கூட ஓசை எட்டாது.

திண்ணையில் அவன் உப்புத்தாளால் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்த மூன்றாம் நாள், அத்தாவால் பொறுக்க முடியவில்லை.

“ஏம்பா, நார் ஓடுற பக்கம் தேய்க்கணும். குறுக்கே தேய்ச்சா கீறல் விழும்.”

“நீங்க ஒருதடவை காட்டுங்க நன்னா.”

அவர் காட்டினார். 120 எண் தாளில் தொடங்கி, 220, 320 என்று போனார்கள். நடுவில் ஈரத்துணியால் துடைத்து, நார் எழுந்து உலர்ந்தபின் மீண்டும் தேய்த்தார்கள். விரல் பலகையைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்து, “இது ஈட்டி மரம்” என்றார் அத்தா. மேற்குத் தொடர்ச்சி மலைகளில் விளையும் அந்த மரம் உலகெங்கும் கிட்டார்களில் இருக்கிறது என்பதை அன்றுதான் அவரும் அறிந்தார்.

மெருகுக்கு அரக்கைச் சாராவியில் கரைத்துப் பூசும் பழைய முறையையே அவர் சொன்னார். ஆனால் அப்போது ஐப்பசி. ஈரக்காற்றில் பூசினால் மெருகு வெண்மை பூத்துவிடும். தை பிறக்கட்டும் என்று பலகையைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார். நினைத்தவுடன் எல்லாம் கையில் கிடைத்துப் பழகிய பிள்ளை மூன்று மாதம் காத்திருந்தான்.

அளவு வேலை அவனுடையது. தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர். பன்னிரண்டாம் கட்டை சரியாக அதன் பாதியான 324இல் நிற்க வேண்டும். பாலம் சற்று விலகிப் பொருந்தினாலும் மேலே போகப் போகச் சுரம் பிசகும். தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதையும், கவசத்தின் வளையங்களை அளவாகக் கோக்கும்படி கட்டளையிடப்பட்டதையும் ஸபா அத்தியாயம் கூறுகிறது. ஸகரிய்யா நபி (அலை) தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. கைவேலையின் கண்ணியத்தை இவற்றைச் சொல்லித்தான் அத்தா பேரனுக்கு விளக்கினார். கருவியைப் பற்றிய தம் கருத்தை மட்டும் அவர் தளர்த்தவில்லை.

இங்கிலாந்தில் 1963இல் பிரையன் மே என்னும் மாணவர், தம் தந்தை ஹரால்டோடு சேர்ந்து ஒரு மின்கிட்டார் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரம் கழுத்தானது. மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்வில்லும், தாயாரின் தையல் பெட்டிப் பொத்தான்களும் அதில் சேர்ந்தன. பின்னர் மகன் வானியற்பியல் ஆய்வை விட்டு இசைக்குப் போனபோது, உடனிருந்து செய்த அதே தந்தை மனம் வருந்தினார். அந்த ஆய்வை முடித்து மகன் முனைவர் பட்டம் பெற்றது 2007இல்தான். ஒரு பொருளைச் செய்யக் கைகொடுப்பதும், அதன் பின்னான வழி முழுவதற்கும் உடன்படுவதும் வேறு வேறு. அத்தாவும் அதைத் தெளிவாகவே சொன்னார்: “மரத்துக்குத்தான் நான் துணை. மத்ததுக்கு அவன்தான் அல்லாஹ்கிட்ட பதில் சொல்லணும். ஓதுறதையும் தொழுகையையும் விட்டுடாம இருக்கானான்னு நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்.”

மாசியில் கிட்டார் முடிந்தது. அத்தா விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். வாசிக்கச் சொல்லவில்லை, அவனும் அவர்முன் வாசிக்கவில்லை. மீந்த அரக்கைக் கொண்டு, பள்ளிவாசலில் கால் ஆடிக்கொண்டிருந்த குர்ஆன் ரிஹால்களை இருவரும் சேர்ந்து இப்போது பழுது பார்த்து வருகிறார்கள்.

உங்கள் வீட்டில் முடிவு வேறாக இருக்கலாம். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வதே முறை. நான் சொல்ல வந்தது இவ்வளவே: பெரியவர் தம் கொள்கையை விட்டுக்கொடுக்காமலேயே பேரனோடு ஒரே திண்ணையில் உட்கார முடிந்தது, பேரனும் எதையும் ஒளிக்காமல் அவரோடு உட்கார்ந்தான். நம் பிள்ளைகள் தம் விருப்பங்களை நம்மிடம் வாய்விட்டுச் சொல்லும் வீடுகளாக நம் வீடுகளை அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.