காருக்குள் என்ன சத்தம்?

அம்மாப்பேட்டை பக்கம் ஒரு கிராமம். மூன்று ஏக்கர் வைத்திருக்கும் அந்த விவசாயிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. குறுவைக்கு ஏ.எஸ்.டி. 16, சம்பாவுக்கு பி.பி.டி. 5204 என்று வழக்கமான டெல்டா விவசாயம்தான். அவர் வீட்டு வாசலில் ஒரு பழைய சின்ன கார் நிற்கிறது. மூன்று ஏக்கர்காரனுக்குக் கார் எதற்கு என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரம் இரண்டு நாள் தஞ்சாவூருக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று தெரிந்த பிறகு யாரும் கேட்கவில்லை. நாலு மணி நேரம் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிற உடம்பை டவுன் பஸ்ஸில் நிற்கவைத்துக் கூட்டிவர முடியாது. இரண்டு கறவை மாடுகளை விற்று, பத்து வருடம் ஓடிய காரை வாங்கினார்.

மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்த கையோடு, அந்தக் காருக்குள் ஒரு சத்தம் ஆரம்பித்தது. கலகலவென்று, தகர டப்பாவுக்குள் எதையோ போட்டுக் குலுக்குவது போல. சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. நல்ல ரோட்டிலும் கேட்கும், மண் ரோட்டில் போகும்போது ஒன்றும் இருக்காது. நடுரோட்டில் வண்டி நின்றுவிட்டால் அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. டயாலிசிஸில் ஒரு முறை தவறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும் அம்மாவுக்கு.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். ஓட்டிப் பார்த்தார்கள். பள்ளத்தில் இறங்கியதும் 'டங்' என்று கேட்டது. "ஷாக் அப்சார்பர் போயிடுச்சு" என்று முன்பக்கம் இரண்டையும் மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. அடுத்த வாரம் லிங்க் ராடு. அதற்கும் போகவில்லை. மொத்தம் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. உளுந்து விற்றால் வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்த பணம் அது. அந்த உளுந்து அப்போதுதான் நெல் தாளுக்கு நடுவே நாலு இலை விட்டிருந்தது.

இந்த இடத்தில் அந்த ஒர்க்‌ஷாப்பை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. "சத்தம் வருது, பாருங்க" என்று வண்டியை விட்டால், முதலில் கேட்கிற சத்தத்தைத்தான் அவர்கள் பிடிப்பார்கள். வேளாண்மை அலுவலகத்துக்கு வருகிற கேள்விகளும், பத்திரிகைகளின் கேள்வி-பதில் பகுதிக்கு வருகிற கடிதங்களும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. "பயிர் மஞ்சளாக இருக்கிறது, என்ன அடிக்கலாம்?" அடியிலையா, குருத்திலையா, நட்டு எத்தனை நாள், வயல் முழுக்கவா, திட்டுத் திட்டாகவா என்பது எதுவும் இருக்காது. அடியிலை முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறை. நட்டு இரண்டு மூன்று வாரத்தில் இலையில் துரு நிறப் புள்ளிகள் விழுந்து பயிர் குட்டையாக நின்றால் துத்தநாகக் குறை. வட்ட வட்டமாகக் காய்ந்தால் தூரைப் பிரித்துப் புகையான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றுக்கும் யூரியா போட்டால் முதலாவதுதான் சரியாகும். புகையானுக்கு யூரியா விருந்து வைத்த மாதிரி.

சாலியமங்கலத்தில் பம்ப்செட், டிராக்டர், கார் எல்லாம் பார்க்கிற ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார். ஊரே அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடும். விவசாயி அவரிடம் போனார். பாய் வண்டியைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டார்.

"நின்னுக்கிட்டு இருக்கும்போது வருதா தம்பி, ஓடும்போது வருதா?"

"ஓடும்போது..." என்று இழுத்தார் விவசாயி.

"பிரேக் போட்டா நிக்குதா? திருப்பும்போது கூடுதா? வேகம் கூடினா சத்தமும் வேகமாகுதா?"

ஒன்றுக்கும் அவரால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பாய் விளக்கினார். பள்ளத்தில் மட்டும் கேட்டால் ஷாக், லிங்க் ராடு, இல்லையென்றால் டிக்கியில் கழன்று கிடக்கிற சாமான். நின்றபடி இன்ஜின் ஓடும்போது தகரம் அதிர்வது போல் கேட்டால் சைலன்சருக்கு மேலே இருக்கிற வெப்பத் தடுப்புத் தகடு. பிரேக்கில் கால் வைத்ததும் நின்றால் பிரேக் பேடு. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது கடகடத்தால் ஆக்சில் ஜாயின்ட். சக்கரம் சுற்றுகிற கணக்குக்கு 'டக் டக்' என்றால் டயரில் ஒரு கல் மாட்டியிருந்தாலும் இருக்கும். "இதுல எதுன்னு தெரியாம நான் எதைக் கழட்டறது? ரெண்டு நடை போய்ட்டு வாங்க. எப்ப வருது, எப்ப நிக்குதுன்னு எழுதிட்டு வாங்க. வண்டியில கிடக்கிற சாமான் அத்தனையும் எறக்கி வச்சுட்டுப் போங்க. ஓட்டுறது ஒருத்தர், காது கொடுக்கிறது ஒருத்தர். ரெண்டையும் ஒருத்தரே செய்ய முடியாது."

கல்லூரியில் படிக்கிற மகன் ஓட்டினான். விவசாயி பக்கத்தில் நோட்டுடன் உட்கார்ந்தார். தூக்குச்சட்டி, குடை, தண்ணீர் பாட்டில், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் திண்ணைக்குப் போயின. முதல் நடையிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. பள்ளத்தில் கேட்ட அந்த 'டங்' சுத்தமாக இல்லை. ஜாக்கியைப் பிடித்திருந்த கொக்கி தளர்ந்து, அது டிக்கித் தகரத்தில் இடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஷாக் அப்சார்பர் மாற்றவைத்தது அந்த ஜாக்கிதான். ஒரே சத்தம் என்று எல்லோரும் நினைத்தது இரண்டு சத்தமாக இருந்தது.

ஆனால் கலகல சத்தம் அப்படியே இருந்தது. நோட்டில் ஒரு விஷயம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு நடையிலும் தஞ்சாவூருக்குப் போகும்போது சத்தம் இருந்தது, திரும்பி வரும்போது இல்லை. மகன் ஒரு காரணம் சொன்னான், இன்ஜின் சூடானால் நின்றுவிடுகிறது என்று. விவசாயி ரோட்டின் மேல் சந்தேகப்பட்டார். பின் சீட்டில் மாமியாரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருகிற அவர் மனைவிதான் சரியாகச் சொன்னார்:

"என்னங்க, டயாலிசிஸ் முடிஞ்சு வரும்போது அத்தைக்குக் குளுருதுன்னு ஃபேனை நிறுத்திடுறோம்ல? போகும்போதுதானே ஃபேன் போடுறோம்."

வீட்டு வாசலிலேயே சாவியை மட்டும் திருப்பி, இன்ஜினைப் போடாமல், ஃபேனை ஒன்றில் வைத்தார்கள். கலகல. இரண்டில் வைத்தார்கள். கலகல. நாலில் வைத்ததும் சத்தம் நின்று, வெறும் அதிர்வு மட்டும் இருந்தது. இத்தனை நாள் பிடிபடாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். வெயில் ஏறி ஃபேனைக் கூட்டி வைத்த நாளில் சத்தம் இருந்திருக்காது. இன்ஜினும் ஓடவில்லை, சக்கரமும் சுற்றவில்லை. மாற்றிய சாமான் எதற்கும் இந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை.

பாய் வந்து, டேஷ்போர்டின் இடப்பக்கச் சின்ன அறையைக் கழற்றினார். பல சின்னக் கார்களில் காற்று தள்ளும் ஃபேன் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. ஸ்குரூக்களைக் கழற்றி ஃபேனைக் கீழே இறக்கியதும், மடியில் நெல் கொட்டியது. ஒரு பெரிய கைப்பிடி இருக்கும். கூடவே வைக்கோல், சீட் பஞ்சு, எலிப் புழுக்கை. ஃபேன் சக்கரம் ஒரு கூடை போல உருளையாக இருக்கும். மெதுவாகச் சுற்றும்போது நெல் அதற்குள் உருண்டு விழுகிறது. வேகமாகச் சுற்றினால் ஓரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. சத்தம் வந்ததும் நின்றதும் அதனால்தான்.

விவசாயி நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. களத்தில் அப்போது கிடந்தது பி.பி.டி. சன்ன நெல். இது குண்டு நெல். ஏ.எஸ்.டி. 16. அடுத்த குறுவைக்கு என்று கார் நிற்கும் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்த விதை நெல்! ஓடிப்போய்ப் பார்த்தால், மூன்று மூட்டையில் அடி மூட்டை சுவர்ப் பக்கமாக ஓட்டை. நாலைந்து கிலோ காணோம்.

பாய் அதோடு விடவில்லை. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார். ஃபேனுக்குப் போகும் ஒயரில் மேல் உறை போய்ச் செம்பு தெரிந்தது. பெட்ரோல் போகிற ரப்பர் குழாயில் வரிசையாகப் பல் தடம். இன்னும் ஓட்டை விழவில்லை. "சத்தம் வந்தது நல்லதாப் போச்சு தம்பி. இது சத்தம் போடாம ஒழுகும்" என்றார். பெட்ரோல் ஒழுகும் குழாயும் உரிந்த ஒயரும் ஒரே பானெட்டுக்குள் இருந்தால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. அம்மாவை ஏற்றிக்கொண்டு போன நடைகளை விவசாயி எண்ணிப் பார்த்திருப்பார். குழாயும் ஒயரும் மாற்ற ஆன செலவு ஐந்நூறு ரூபாய்க்குள்.

காருக்கு எலி வந்தது ஏன் மாசியில் என்பது டெல்டாக்காரர்களுக்குப் புரியும். அறுவடை இயந்திரம் இறங்கினால் ஒரு வெளி முழுவதும் ஒரே வாரத்தில் மொட்டையாகிவிடுகிறது. மறைவும் தீனியும் ஒன்றாகப் போய்விடுகின்றன. வரப்பில் வளை தோண்டி நெல்லைச் சேர்த்து வைக்கும் வயல் எலி வாய்க்கால் கரைகளுக்குப் போகும். வீடு, கொட்டகை, வைக்கோல் போர் என்று குடியேறுவதும் நன்றாக ஏறுவதும் வீட்டெலி. கார் நின்ற இடத்தில் ஒரு பக்கம் இயந்திரம் கட்டிய வைக்கோல் உருளைகள், இன்னொரு பக்கம் விதை மூட்டை. முன் கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்று உள்ளே போகும் வழி திறந்தே இருந்தது. இருட்டும் கதகதப்பும் இருந்தால் எலிக்கு வேறென்ன வேண்டும்? எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்தே ஆக வேண்டும். ஒயர் கிடைத்தால் ஒயர்.

பயம் இன்னொன்றும் இருந்தது. அந்த ஃபேன் இத்தனை நாளும் எலிக்கூட்டைத் தாண்டித்தான் அம்மாவின் முகத்துக்குக் காற்றைத் தள்ளியிருக்கிறது. எலியின் சிறுநீரில் இருந்து பரவுகிற எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும்; சேற்றில் இறங்குகிறவர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. அதனால் கூட்டை அப்படியே விளக்குமாற்றால் தட்டக் கூடாது. கையுறை போட்டு, முகத்தில் துணி கட்டி, பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்து நனைத்துவிட்டுத்தான் அள்ள வேண்டும். பாய் அப்படித்தான் செய்தார். விவசாயி அடுத்த நடையிலேயே டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை.

அடுத்து எலியைப் பிடிக்க வேண்டும். பானெட்டுக்குள் புகையிலை வை, அந்துருண்டை போடு என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். புகையிலை வாடை சில நாளைக்குத்தான். அந்துருண்டை நெடி நோயாளி ஏறும் வண்டிக்கு வேண்டவே வேண்டாம். எலி மருந்து வைத்தால் தின்ற எலி டேஷ்போர்டுக்குள்ளேயே போய்ச் செத்து நாறும். தவிர, கொட்டகையில் ஆடு, கோழி நடமாட்டம் வேறு. மரப் பொறியில் கருவாடு வைத்தார்கள். முதல் மூன்று நாள் பொறியைப் பூட்டாமல் தீனி மட்டும் வைத்துப் பழக்கிவிட்டு, நாலாம் நாள் பூட்டினார்கள். பத்து நாளில் ஐந்து எலி விழுந்தது. காற்று போகும் வழியில் பாய் நெருக்கமான கம்பி வலை அடித்துக் கொடுத்தார். கார் இப்போது வைக்கோலை விட்டுத் தள்ளி, வெளிச்சமான வாசலில் நிற்கிறது.

வயலுக்குக் கிட்டிதான். மூங்கிலை வளைத்துச் செய்கிற தஞ்சாவூர்க் கிட்டிக்கு மருந்துச் செலவும் இல்லை, ஆந்தைக்கும் கெடுதல் இல்லை. சாயங்காலம் எலி நடமாடும் தடத்தில் வைத்து, காலையில் போய் எடுக்கிறார்கள். ஆனால் ஒருவர் வயலில் மட்டும் வைத்தால் பக்கத்து வரப்பு எலி வந்து இடத்தை நிரப்பிவிடும். எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம்தான். மேட்டூர் தண்ணீர் வருவதற்கு முன்பே, கோடையில், வெளி முழுக்கச் சேர்ந்து வளைகளை வெட்டிக் கிட்டியும் வைத்தால் செலவு குறைவு. வரப்பை ஒன்றரை அடிக்கு மேல் அகலமாக விட்டால் அதற்குள் வளை வைக்க இடம் கொடுக்கிறோம் என்று அர்த்தம். அந்த ஊரில் எட்டுப் பேர் சேர்ந்து கிட்டிக்காரரை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

விதை மூட்டையில் மிஞ்சியதைப் புழுக்கை போகப் புடைத்து, காயவைத்து, புதுச் சாக்கில் போட்டு, சுவரை விட்டு ஒரு அடி தள்ளிப் பலகை மேல் அடுக்கியிருக்கிறார் அவர். அதிலிருந்து நூறு நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தார். ஏழாம் நாள் பிரித்து எண்ணியபோது 86 முளைத்திருந்தது. சான்று விதைக்கு 80 இருந்தால் போதும். குறையும் நாலைந்து கிலோவை மட்டும் வெளியில் வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறார்.